ஏழு வழி, மூன்று குலம்: கணினிவழிக் குலக் கோட்பாட்டில் கால்வைப்போருக்கு

1024 உறுப்புகள் கொண்ட குலங்கள் மொத்தம் 4,948 கோடியே 73 லட்சத்து 67 ஆயிரத்து 289. டேவிட் பர்ரெல் 2022-இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள எண் இது. அதற்கு முன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக எல்லோரும் எடுத்தாண்ட எண் இதைவிட 1,867 குறைவு. அவ்வளவு பெரிய தொகையில் இவ்வளவு சிறிய பிழை. ஒருவர் திரும்ப எண்ணியதால்தான் அது வெளியே வந்தது.

இதைப் படித்ததும் உங்களுக்கு மனம் துள்ளினால், இந்தத் துறை உங்களுக்கானது. ‘ஆயிரத்துச் சொச்சத்துக்கா இவ்வளவு பாடு?’ என்று தோன்றினால், கணிதத்தில் வேறு நல்ல வேலைகள் நிறைய உண்டு. தயங்காமல் அந்தப் பக்கம் போகலாம். கணினிவழிக் குலக் கோட்பாட்டில் முதலில் கேட்கப்படுவது மேதைமை அல்ல. ஒன்றையும் விடக் கூடாது, ஒன்றையும் இருமுறை எண்ணக் கூடாது என்ற பிடிவாதம்தான்.

இளங்கலைக் கணிதத்தில் குலம் என்ற பாடத்தைப் படித்துத் தேறியவர்கள், நிரல் எழுதவும் ஓரளவு தெரிந்தவர்கள், இரண்டையும் சேர்த்து என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன்.

வேலை இரண்டு வகை

ஓர் எண்ணைச் சொல்லி, அத்தனை உறுப்புகள் கொண்ட குலங்களையெல்லாம் பட்டியலிடச் சொன்னால் அது கட்டும் வேலை. ஒரு குலத்தைக் கையில் கொடுத்து, பட்டியலில் இது எத்தனையாவது என்று கேட்டால் அது அடையாளம் காணும் வேலை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் முதலாவதைக் கடினம் என்றும் இரண்டாவதைச் சுலபம் என்றும் நினைப்பார்கள். உண்மை நிலவரம் தலைகீழ். குலங்களை உண்டாக்கிக்கொண்டே போவது பெரிய காரியம் இல்லை. உண்டாக்கிய இரண்டும் உண்மையில் ஒன்றேதானா என்று தீர்ப்பதில்தான் காலம் எல்லாம் போகிறது.

கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலில் ஒரே மனிதர் சொந்தப் பெயரில் ஒரு தடவையும் ‘மளிகைக்கடைக்காரர்’ என்று இன்னொரு தடவையும் ஏறிவிடுவார். குலங்களும் அப்படித்தான். ஒரே குலம் ஓரிடத்தில் வரிசைமாற்றங்களாக வரும், இன்னோரிடத்தில் அணிகளாக வரும், வேறோர் இடத்தில் சில பிறப்பாக்கிகளும் அவற்றுக்கான விதிகளுமாக வரும். உள்ளே இருக்கும் அமைப்பு ஒன்றே என்று நிறுவினால்தான் பட்டியலில் ஒரு வரியை அடிக்கலாம். வேறு என்று நிறுவினால்தான் இரண்டு வரிகளையும் வைக்கலாம். தெரியவில்லை என்றால் பட்டியலை வெளியிடவே முடியாது.

ஆர்தர் கேலி 1850-களில் இந்த வேலையைக் கையால் தொடங்கி 8 உறுப்புகள் வரை வந்தார். 8 உறுப்புகளுக்கு 5 குலங்கள். 16-க்கு 14. 32-க்கு 51. 64-க்கு 267, மார்ஷல் ஹாலும் ஜேம்ஸ் சீனியரும் அவற்றை வரைபடங்களோடு 1964-இல் ஒரு பெரிய நூலாகவே போட்டார்கள். 128-க்கு 2,328. 256-க்கு 56,092. 512-க்கு 1,04,94,213. இரண்டின் அடுக்குகள்தான் இந்தத் துறையின் மலைத்தொடர். 2000 வரையுள்ள எல்லாக் குலங்களையும் எடுத்துக்கொண்டால், நூற்றில் 99-க்கு மேல் 1024 என்ற ஓர் எண்ணிலேயே குவிந்து கிடக்கின்றன.

ஒரு மாலையில் செய்யக்கூடிய பயிற்சி

மென்பொருளைத் தரவிறக்குவதற்கு முன்பு, கட்டும் அல்காரிதம் ஒன்றைத் தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். பி-குல உருவாக்க அல்காரிதம் என்று அதற்குப் பெயர். உறுப்பு எண்ணிக்கை ஒரு பகா எண்ணின் அடுக்காக இருந்தால் அது பி-குலம். கான்பரா ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நியூமன் 1977-இல் வடிவம் கொடுத்தார். ஈமன் ஓ’பிரையன் 1990-இல் அதை முழுமையான செயல்முறையாக்கினார். 256, 512 ஆகிய சிகரங்கள் அதன் துணையோடுதான் ஏறப்பட்டன. அதன் கருவை 8 உறுப்புகளிலேயே பார்த்துவிடலாம்.

அ, ஆ என்று இரண்டு பிறப்பாக்கிகள். இரண்டின் வர்க்கமும் சமனி, இரண்டும் பரிமாறிக்கொள்ளும். இது 4 உறுப்புகள் கொண்ட குலம். இப்போது விதிகளைத் தளர்த்துங்கள். அ-வின் வர்க்கம் சமனியாக இருக்க வேண்டாம், புதிதாக ஒரு உறுப்பாக இருக்கட்டும். ஆ-வின் வர்க்கம் இன்னொரு புதிய உறுப்பு. அஆ என்பதற்கும் ஆஅ என்பதற்கும் உள்ள வேறுபாடு மூன்றாவது புதிய உறுப்பு. இந்த மூன்று புதியவையும் எல்லாவற்றோடும் பரிமாறும். ஒவ்வொன்றின் வர்க்கமும் சமனி. மூன்றும் சேர்ந்து அடித்தளத்தில் 8 உறுப்புகள் கொண்ட ஒரு பகுதியை உண்டாக்குகின்றன. மொத்தக் குலம் 4 பெருக்கல் 8, அதாவது 32. இதற்கு உறைக்குலம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நமக்கு வேண்டியது 8 உறுப்புகள் கொண்ட குலம். ஆகவே அடித்தளத்திலிருந்து 4 உறுப்புகள் கொண்ட ஓர் உட்குலத்தை எடுத்து, அதைச் சமனியாகச் சுருக்க வேண்டும். அப்படிப்பட்ட உட்குலங்கள் எத்தனை? சரியாக 7. ஆக, 8 உறுப்புக் குலத்துக்குப் போக ஏழு வழிகள்.

ஏழு குலங்கள் வந்துவிடுமா? வராது. நாம் தொடங்கிய 4 உறுப்புக் குலத்தில் அ, ஆ, அஆ என்ற மூன்றையும் எப்படி வேண்டுமானாலும் இடம் மாற்றிப் பெயரிடலாம். அதற்கு 6 வழிகள். அவைதாம் அந்தக் குலத்தின் ஆட்டோமார்பிசங்கள். பெயரை மாற்றும்போது ஏழு வழிகளும் தமக்குள் இடம் மாறுகின்றன. மாறி மாறி மூன்று கூட்டங்களாகப் பிரிகின்றன: மூன்று, மூன்று, ஒன்று. முதல் கூட்டம் நான்கின் சுழற்குலத்தையும் இரண்டின் சுழற்குலத்தையும் சேர்த்த எபீலியன் குலம். இரண்டாவது, சதுரத்தின் சமச்சீர்க் குலம். தனியாக நிற்பது குவாட்டர்னியன் குலம். அதில் அ, ஆ, அஆ மூன்றுக்கும் வர்க்கம் ஒன்றே என்பதால், பெயரை எப்படி மாற்றினாலும் அது அசைவதில்லை.

இந்த மூன்றோடு, ஒரே பிறப்பாக்கியில் வரும் எட்டின் சுழற்குலத்தையும், மூன்று பிறப்பாக்கிகள் வேண்டியிருக்கும் அடிப்படை எபீலியன் குலத்தையும் சேர்த்தால் கேலியின் ஐந்து வந்துவிட்டது.

இந்த அல்காரிதத்தை நான் இந்தத் துறையின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்றாகக் கருதுகிறேன். குலங்களைக் கட்டிவிட்டு ஒன்றோடொன்று ஒப்பிடுவதாக இருந்தால், 512 உறுப்புகளுக்கு மட்டும் 55 லட்சம் கோடி இணைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. ஒரே கூட்டத்தில் விழுந்தவை ஒரே குலம், வெவ்வேறு கூட்டம் என்றால் வெவ்வேறு குலம் என்று தேற்றம் சொல்லிவிடுகிறது. கட்டுவதும் அடையாளம் காண்பதும் ஒரே வேலையாகிவிடுகின்றன. அதோடு இலவசமாக ஒரு சரிபார்ப்பும் கிடைக்கிறது: 3 + 3 + 1 = 7. கூட்டங்களின் அளவுகளைக் கூட்டினால் மொத்த வழிகளின் எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் நிரலில் எங்கோ ஓட்டை. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து இந்தக் கூட்டலை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்துவிடுங்கள்.

1024-க்கு இன்றும் முழுப் பட்டியல் கிடையாது, எண்ணிக்கை மட்டுமே உண்டு. பட்டியலிடாமலே எண்ண முடியும்: ஒவ்வொரு ஆட்டோமார்பிசமும் எத்தனை வழிகளை அசைக்காமல் விடுகிறது என்று கணக்கிட்டு, அதன் சராசரியை எடுத்தால் கூட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும். வகுப்பில் பர்ன்சைடு துணைத்தேற்றம் என்று படித்தது இதுதான். ஆனால் பட்டியல் கையில் இல்லாதபோது, ஒரு வரியை எடுத்து இது சரியா என்று பார்க்கும் வாய்ப்பும் இல்லை. பட்டியல் உள்ள முடிவையும் எண்ணிக்கை மட்டும் உள்ள முடிவையும் படிக்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது

ஆராய்ச்சிக்கு வரும் மாணவர் ‘எல்லாக் குலங்களையும்’ எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வகையைப் பிடிக்க வேண்டும். அமைப்புத் தேற்றம் நன்றாகத் தெரிந்த வகையாக இருந்தால் அல்காரிதம் தானாகவே வடிவம் பெறும்.

தொடங்குவதற்கு மிகவும் ஏற்றவை, வர்க்கக் காரணி இல்லாத எண்ணை உறுப்பு எண்ணிக்கையாகக் கொண்ட குலங்கள். 30, 42, 210 போன்றவை. இத்தகைய குலம் ஒவ்வொன்றும் இரண்டு சுழற்குலங்களைப் பாதி நேர்ப்பெருக்கலாகச் சேர்த்தே கிடைத்துவிடும். இவற்றின் எண்ணிக்கைக்கு ஓட்டோ ஹோல்டர் 1895-லேயே ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டார். அந்தச் சூத்திரத்தை ஒரு நிரலாக எழுதுங்கள். குலங்களை நேரடியாகக் கட்டும் இன்னொரு நிரலை எழுதுங்கள். 30-க்கு 4, 42-க்கு 6, 210-க்கு 12 என்று இரண்டும் ஒரே விடை தர வேண்டும். முதுகலைத் திட்டக் கட்டுரைக்கு இதுவே போதும். பேராசிரியரிடம் காட்ட வெட்கப்பட வேண்டாத வேலை.

அடுத்த படி, கன காரணி இல்லாத எண்கள். ஹைக்கோ டீட்ரிச்சும் பெட்டினா ஐக்கும் 2005-இல் இவற்றுக்கான முறையை வெளியிட்டார்கள். இங்கே அமைப்பு மனத்தைக் கவர்கிறது. இப்படிப்பட்ட குலம் எதுவானாலும் அது இரண்டு துண்டுகளின் நேர்ப்பெருக்கல்: ஒன்று தீர்வுடைக் குலம், மற்றொன்று வெறுமையாக இருக்கும், அல்லது 60 உறுப்புகள் கொண்ட இரட்டை வரிசைமாற்றக் குலத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் எளிய குலமாக இருக்கும். தீர்வுடைத் துண்டைக் கட்ட, முதலில் ஃபிராட்டினி உட்குலம் (மீப்பெரு உட்குலங்கள் அனைத்தின் வெட்டு) வெறுமையாக உள்ளவற்றைக் கட்டினால் போதும். அவற்றிலிருந்து வேண்டிய அளவுக்கு மேலே நீட்டுவதற்கு ஒரே வழிதான் உண்டு என்று தேற்றம் உறுதி தருகிறது. ஒரே வழி என்பதால் இரட்டிப்பு வர இடமே இல்லை. 50,000 வரையுள்ள கன காரணியற்ற எண்களுக்கு 3,95,703 குலங்கள் இப்போது தரவுத்தளத்தில் இருக்கின்றன.

பொதுவான தீர்வுடைக் குலங்களுக்கு இவ்வளவு நிம்மதி கிடையாது. ஹான்ஸ் உல்ரிக் பெஷே, பெட்டினா ஐக், ஈமன் ஓ’பிரையன் மூவரும் ஃபிராட்டினி நீட்சி முறை, பி-குல உருவாக்கம், கீழிருந்து சுழற்குலங்களால் நீட்டும் முறை எல்லாவற்றையும் கலந்துதான் 2000 வரை வந்தார்கள். 1024 நீங்கலாக அந்தப் பட்டியலில் 42,31,64,062 குலங்கள். அவற்றில் 1536 என்ற ஓர் எண்ணுக்கு மட்டும் 40,86,41,062. புத்தாயிரத்தை ஒட்டி முடிந்த அந்தப் பணியை இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு கட்டளையில் அழைக்கலாம்.

2048-க்கு இன்னும் சரியான எண்ணிக்கை இல்லை. ஒரு துணைவகையை மட்டும் எடுத்தாலே 17 கோடி கோடிக்கு மேல் போகிறது. முதல் முனைவர் பட்டத்துக்கு அதைத் தொடாதீர்கள்.

அடையாளம் காண்பது

கையில் ஒரு குலம். எது அது? முதலில் எல்லோரும் செய்வது உறுப்புகளின் வரிசையைப் பார்ப்பது. அதாவது ஒவ்வோர் உறுப்பையும் எத்தனை முறை தன்னோடு பெருக்கினால் சமனி வருகிறது என்று எண்ணுவது. சதுரத்தின் குலத்தில் வரிசை 2 உள்ள உறுப்புகள் ஐந்து, குவாட்டர்னியனில் ஒன்று. பிரித்துவிட்டோம். ஆனால் 16-க்குப் போனால் இந்தக் கருவி மழுங்குகிறது. நான்கின் சுழற்குலத்தைத் தன்னோடே நேர்ப்பெருக்கியது, அதே இரண்டையும் பாதி நேர்ப்பெருக்கலாகச் சேர்த்தது, குவாட்டர்னியனோடு இரண்டைச் சேர்த்தது — மூன்றிலும் வரிசை 2 உறுப்புகள் 3, வரிசை 4 உறுப்புகள் 12. 27 உறுப்புகளில் இன்னும் மோசம்: சமனி தவிர்த்த 26 உறுப்புகளும் வரிசை 3 கொண்ட குலங்கள் இரண்டு உண்டு. ஒன்று எபீலியன், மற்றது அல்ல.

ஆகவே இணையிய வகுப்புகள், மையம், அடுக்குகள் எங்கே போய் விழுகின்றன என்பவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கைரேகை தயாரிக்கிறார்கள். கைரேகை வேறு என்றால் குலம் வேறு. கைரேகை ஒன்று என்றால் எதுவும் தெரிந்துவிடவில்லை. அதற்கு மேல்தான் உண்மையான சோதனை. பி-குலங்களுக்கு ஓ’பிரையன் 1994-இல் ஒரு வழி கொடுத்தார்: ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு திட்டமான எழுத்து வடிவத்தைக் கணக்கிடுவது. இரண்டு குலங்களின் திட்ட வடிவமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் குலங்களும் ஒன்று. இல்லையென்றால் வேறு. ‘ஒருவேளை’ என்பதற்கு அங்கே இடமில்லை.

பெருக்கல் அட்டவணையே கையில் இருந்தாலும் கேள்வி எளிதாகிவிடுவதில்லை. எந்த முடிவுறு குலத்துக்கும் மடக்கை அளவில் சில பிறப்பாக்கிகள் போதும் என்பதால், அவை எங்கெங்கே போகலாம் என்று எல்லாவற்றையும் முயலலாம். 1970-களிலிருந்து பொதுவான குலங்களுக்கு இந்த எளிய வழியைப் பெரிதாக மிஞ்சியவர் யாரும் இல்லை. எபீலியன் குலங்களுக்கு நேர்விகித நேரத்தில் தீர்க்கும் முறையை டி. கவிதா 2007-இல் கொடுத்தார். மிகக் கடினமானவை என்று கருதப்படும் பி-குலங்களின் ஒரு வகைக்கு 2023-இல்தான் சியாவ்ருய் சுன் பழைய வரம்பை உடைத்தார். கணினி அறிவியல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இந்தக் கேள்வியில் நுழையலாம். இதோடு நெருங்கிய வரைவு ஐசோமார்பிசம், பிறப்பாக்கிகள் மட்டுமே தெரிந்த குலங்கள் ஆகியவற்றின் கணிப்புச் சிக்கல்களைச் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் வி. அரவிந்த் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள்.

பெரிய குலங்களில் பட்டியலே கிடையாது. ரூபிக் கனசதுரத்தின் குலத்தில் 43,252,003,274,489,856,000 உறுப்புகள். ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆனால் சார்லஸ் சிம்ஸ் 1970-இல் தந்த முறையால், ஆறு பிறப்பாக்கிகளை மட்டும் கொடுத்து இந்த எண்ணைச் சாதாரண மடிக்கணினியில் நொடிப்பொழுதில் பெற்றுவிடலாம். ஒரு புள்ளியை நிலைநிறுத்துவது, அதை நிலைநிறுத்தும் உட்குலத்துக்குள் இறங்கி அடுத்த புள்ளியை நிலைநிறுத்துவது என்று படிப்படியாக இறங்கும் முறை அது. ஷ்ரையர்–சிம்ஸ் என்ற பெயரில் தேடுங்கள். அதை ஒரு தடவையாவது சொந்தமாக எழுதிப் பார்த்திராதவரை இந்தத் துறையில் யாரும் முழுப் பயிற்சி பெற்றவராக எண்ணுவதில்லை.

அணிக் குலங்களில் நிலைமை வேறு. பீட்டர் நியூமனும் செரில் பிரேகரும் 1992-இல் காட்டிய வழி: குலத்திலிருந்து தற்செயலாக உறுப்புகளை எடு, அவற்றின் வரிசைகளைக் குறிப்பிட்ட பகா எண்கள் வகுக்கின்றனவா என்று பார், அதைக் கொண்டு இது முழுச் சிறப்பு நேரியல் குலத்தை உள்ளடக்கியதா என்று சொல். விடை ‘ஆம்’ என்றால் அது நிச்சயம். ‘இல்லை’ என்றால் மிகச் சிறிய அளவில் தவறாக இருக்க வாய்ப்புண்டு. இப்படிப்பட்டவற்றுக்கு மாண்டி கார்லோ அல்காரிதம் என்று பெயர். விடை தந்தால் சரியாகத்தான் தரும், சில நேரம் ‘முடியவில்லை’ என்று கைவிரிக்கும் வகைக்கு லாஸ் வேகாஸ் என்று பெயர். நீங்கள் பயன்படுத்தும் கட்டளை இவற்றில் எந்த வகை என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் அதன் விடையைக் கட்டுரையில் எழுதாதீர்கள். தற்செயல் எண்ணின் தொடக்க விதையையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மதிப்பாய்வாளர் கேட்கும்போது அதே கணக்கை அப்படியே மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

கருவிகள்

கேப் என்ற மென்பொருளில் தொடங்குங்கள். 1986-இல் ஜெர்மனியின் ஆஹன் நகரில் யோவாகிம் நொய்பூசர் தொடங்கியது. அவர் ஓய்வு பெற்றபின் 1997-இல் ஒருங்கிணைப்பு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இலவசம், மூல நிரல் முழுவதும் திறந்தது. சிறு குலங்களின் நூலகம், பி-குலங்களுக்கான பொதி, கன காரணியற்றவற்றுக்கான பொதி எல்லாம் அதில் உண்டு. சிட்னி பல்கலைக்கழகத்தின் மாக்மா சில கணக்குகளில் அதைவிட வேகமானது. ஆனால் உரிமக் கட்டணம் உண்டு, உள்மையத்தின் நிரலைப் பார்க்க முடியாது. பைத்தான் பழகியவர்கள் சேஜ் வழியாகவே கேப்பை அழைக்கலாம். ஜூலியா மொழியில் எழுந்துவரும் ஆஸ்கர், கேப்பை உள்ளடக்கிய புதிய முயற்சி. ஜெர்மனியில் அதற்கு ஆய்வு நிதி கிடைத்திருக்கிறது என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

படிக்க இரண்டு நூல்கள் போதும். டெரிக் ஹோல்ட், ஐக், ஓ’பிரையன் மூவரும் 2005-இல் எழுதிய கணினிவழிக் குலக் கோட்பாட்டுக் கையேடு ஒன்று. வரிசைமாற்றக் குலங்களின் அல்காரிதங்கள் பற்றி ஆகோஷ் ஷெரஷ் 2003-இல் எழுதியது மற்றொன்று. முதலாவதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஓர் அதிகாரத்தை எடுத்து, அதிலுள்ள அல்காரிதத்தை எழுதி, கேப்பின் விடையோடு ஒப்பிடுவதே சரியான படிப்பு.

ஒரு நல்ல சோதனையும் சொல்கிறேன். பகா எண் ஒன்றின் ஐந்தாம் அடுக்கை உறுப்பு எண்ணிக்கையாகக் கொண்ட குலங்களுக்குச் சூத்திரம் உண்டு. பகா எண் 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பகா எண்ணின் இரு மடங்கு, அதோடு 61, அதோடு பகா எண்ணில் ஒன்றைக் கழித்து 3-உடன் எடுத்த மீப்பெரு பொதுக் காரணியின் இரு மடங்கு, அதோடு 4-உடன் எடுத்த மீப்பெரு பொதுக் காரணி. 5-க்கு 77, 7-க்கு 83. பி-குல உருவாக்கத்தை நீங்களே நிரலாக்கினால், இந்த இரண்டு எண்களும் வரும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். 2-க்கு 51, 3-க்கு 67 என்பவை சூத்திரத்துக்கு அடங்காதவை. அவையும் வர வேண்டும்.

படிப்பும் பணமும்

இந்தியாவில் இதற்கென்று தனிப் பட்டப்படிப்பு கிடையாது. முதுகலைக் கணிதம்தான் வாசல். ஐஐடிகளுக்கு ஜாம் தேர்வு, சிறுசேரி சென்னைக் கணிதக் கழகத்துக்கு அதன் சொந்த நுழைவுத் தேர்வு. இயற்கணிதத்தோடு அல்காரிதங்களும் கணிப்புச் சிக்கலும் ஒரே வளாகத்தில் படிக்க வேண்டும் என்றால் சென்னைக் கணிதக் கழகத்தைப் போல் பொருந்துவது குறைவு என்பது என் கருத்து. அணுசக்தித் துறையின் கீழுள்ள தேசிய உயர் கணித வாரியம் முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும் உதவித்தொகை தருகிறது. சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் 2023-இல் திருத்தியபடி மாதம் 37,000 ரூபாய். விடுமுறைகளில் எம்டிடிஎஸ் என்னும் கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பியுங்கள். எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கியது. சான்றிதழுக்காகப் போகாதீர்கள், தேற்றத்தை நீங்களே கண்டுபிடிக்க வைக்கும் வகுப்புக்காகப் போங்கள்.

வெளிநாட்டில் இந்த வேலை நடக்கும் இடங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை: ஆஹன், கைசர்ஸ்லாட்டர்ன், பிரவுன்ஷ்வைக், செயின்ட் ஆண்ட்ரூஸ், வாரிக், ஆக்லாந்து, சிட்னி, மெல்பர்ன் மோனாஷ், பெர்த், அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம். ஜெர்மனியில் முனைவர் ஆய்வாளர்களில் பலர் சம்பளம் வாங்கும் பல்கலைக்கழக ஊழியர்கள். ஒப்பந்தமும் சமூகக் காப்பீடும் உண்டு. மாணவராகப் போகிறோம் என்ற நினைப்போடு போகாமல் வேலைக்குப் போகிறோம் என்ற நினைப்போடு போங்கள். வகுப்பெடுப்பதும் விடைத்தாள் திருத்துவதும் பெரும்பாலும் அதில் சேர்ந்தவை.

நிலையான ஆசிரியப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாற வேண்டியிருக்கலாம். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் கைத்திறன் வேறிடங்களிலும் செல்லும். சங்கேதவியலில் குலங்களும் அணிகளும் அன்றாடச் சரக்கு. பிழைதிருத்தும் குறியீடுகளின் சமச்சீர்களைக் கணக்கிடுவது வரிசைமாற்றக் குல அல்காரிதமேதான். படிகங்களின் இடவெளிக் குலங்கள் முப்பரிமாணத்தில் 230. நாற்பரிமாணத்தில் அவற்றை வகைப்படுத்தி 1978-இல் நூலாக்கியவர்களில் நொய்பூசரும் ஒருவர். வன்பொருள் சரிபார்ப்பிலும் கால அட்டவணை வகைச் சிக்கல்களிலும் தேடலைச் சுருக்கச் சமச்சீரைக் கண்டறிந்து நீக்குகிறார்கள். பிரெண்டன் மெக்கே எழுதிய நாட்டி போன்ற கருவிகள் அங்கே புழங்குகின்றன. குவாண்டம் கணிப்பில் ஷோரின் 1994-ஆம் ஆண்டு அல்காரிதம் மறைந்த உட்குலத்தைத் தேடும் கேள்வியின் ஒரு வடிவமே. இத்தகைய நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது ‘குலக் கோட்பாடு தெரியும்’ என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெரிய தேடலை எப்படிச் சுருக்கினீர்கள், எத்தனை மணி நேரம் எத்தனை நிமிடமானது, விடை சரி என்று எப்படி உறுதிசெய்தீர்கள் என்று எழுதுங்கள்.

குழுவுக்குள் எப்படி நுழைவது

கேப்பின் மூல நிரல் கிட்ஹப்பில் இருக்கிறது. முதல் பங்களிப்பு புதிய அல்காரிதமாக இருக்க வேண்டியதில்லை. கையேட்டில் புரியாத பத்தியைத் திருத்துங்கள். சோதனைக் கோப்பு இல்லாத ஒரு செயலுக்குச் சோதனை எழுதுங்கள். தவறான விடை தரும் ஒரு சிறு எடுத்துக்காட்டைக் கண்டுபிடித்தால் அது பெரிய பரிசு: எந்தப் பதிப்பு, என்ன உள்ளீடு, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற நான்கையும் எழுதிப் போடுங்கள். திருத்தச் சொல்லி மறுமொழி வந்தால் மனம் வாட வேண்டாம். அங்கே எல்லோருடைய நிரலையும் இன்னொருவர் படித்துத்தான் சேர்க்கிறார்கள், மூத்தவர்களுடையதையும்தான்.

சொந்தமாக ஒரு பொதி எழுதும் நாள் வரும்போது மூன்று விஷயங்களில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு செயலுக்கும் கையேட்டில் ஓர் எடுத்துக்காட்டு. ஏற்கெனவே அச்சில் உள்ள எண்களோடு ஒப்பிடும் சோதனைகள். எந்த உள்ளீட்டுக்கு உங்கள் முறை செல்லாது என்ற வெளிப்படையான அறிவிப்பு. கேப்பில் பொதிகளை மதிப்பாய்வுக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதில் தேறிய பொதியை ஆய்வுக் கட்டுரையைப் போலவே தன்விவரத்தில் காட்டலாம்.

வழிகாட்டி தேடிக் கடிதம் எழுதும்போது ‘உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்’ என்று தொடங்கும் மூன்று பக்கக் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. பத்து வரிகள் போதும். அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த அல்காரிதத்தை எழுதிப் பார்த்தீர்கள், எந்த அட்டவணையோடு ஒப்பிட்டீர்கள், எங்கே சிக்கிக்கொண்டீர்கள். நிரல் இருக்கும் இடத்தின் இணைப்பைக் கொடுங்கள். அதைத் திறப்பவர் முதலில் சோதனைக் கோப்பைத்தான் பார்ப்பார். கூட்டங்களின் அளவுகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடும் அந்த ஒரு வரி அங்கே இருக்கட்டும்.